பழைய விசைப்படகுக்குப் புது வயரிங்: முழுமையான வழிகாட்டி

12 முதல் 20 மீட்டர் வரை நீளமுள்ள மரப் படகுக்கும் ஃபைபர் படகுக்கும் இந்த வழிகாட்டி பொருந்தும். டீசல் இஞ்சின், இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் அமைப்பு, தள விளக்குகள், வி.எச்.எஃப். ரேடியோ, ஜி.பி.எஸ்., மீன் காட்டும் கருவி, தண்ணீர் இறைக்கும் பம்ப் ஆகியவை இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். உங்கள் படகு 12 வோல்ட் என்றால் கணக்கில் எண்கள் மாறும். வேலையின் வரிசை மாறாது.

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. 61 நாள் இருக்கிறதே என்று மரவேலை, இஞ்சின், பெயின்ட் என எல்லாவற்றையும் முடித்துவிட்டு, வயரிங்கைக் கடைசி வாரத்தில் நினைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். வயரிங்குக்கு உரிய நேரம் மரவேலையும் இஞ்சின் வேலையும் முடிந்த பிறகு, பலகைகளை மூடுவதற்கு முன்பு. தச்சருக்கு முன்னால் நீங்கள் இறங்கினால் உங்கள் புது வயரில் அவருடைய ஆணி ஏறும். பெயின்டருக்குப் பின்னால் இறங்கினால் புதுப் பெயின்டில் உங்கள் டிரில் ஏறும்.

1. கட்டிங் பிளையரை எடுப்பதற்கு முன் பென்சிலை எடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே பழைய வயரை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். மறுநாள் இஞ்சினிலிருந்து தொங்கும் நான்கு வயர்களில் எது ஆயில் பிரஷருக்கு, எது வெப்பமானிக்கு, எது ஆல்டர்னேட்டரை (இஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) தூண்டும் வயர் என்று சொல்ல ஆள் இருக்காது. பழைய வயரிங் எவ்வளவு அலங்கோலமாக இருந்தாலும் அதுதான் உங்களிடம் இருக்கும் ஒரே வரைபடம்.

ஒவ்வோர் இணைப்பையும் கைப்பேசியில் படமெடுங்கள். ஒவ்வொரு வயர் முனையிலும் டேப் சுற்றி எண் எழுதுங்கள். பிறகு நோட்டில் படகின் மேல்தோற்றத்தை வரைந்து, அணியம் (படகின் முன்பக்கம்) முதல் பின்பக்கம் வரை எந்தக் கருவி எங்கே இருக்கிறது, பேட்டரியிலிருந்து வயர் ஓடும் வழி எத்தனை மீட்டர் என்று குறியுங்கள். நேர்க்கோட்டுத் தூரம் உதவாது. வயர் ஏறி இறங்கி வளைந்து போகும் தூரத்தை ஒரு கயிற்றைப் போட்டு அளந்துகொள்ளுங்கள்.

அடுத்தது மின்பளுப் பட்டியல். கருவியின் வாட்டை 24ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 50 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு என்றால் 200 வாட், அதாவது 8.3 ஆம்பியர். பட்டியலில் இன்னொரு பத்தியும் தேவை: இஞ்சின் அணைந்திருக்கும்போது எது எரியும்? வலை இழுக்கும்போது ஆல்டர்னேட்டர் சுமையைத் தாங்கிக்கொள்கிறது. நங்கூரமிட்டுத் தூங்கும் இரவில் பேட்டரி தனியாகத் தாங்க வேண்டும். நங்கூர விளக்கு, அறை விளக்கு, காத்திருக்கும் ரேடியோ எல்லாம் சேர்ந்து 3 ஆம்பியர் என்றால், பத்து மணி நேரத்தில் 30 ஆம்பியர்-மணி போய்விடும்.

இரண்டு 150 ஆம்பியர்-மணி பேட்டரி இருப்பதால் 300 இருக்கிறது என்று கணக்குப் போடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தொடராக இணைத்தால் வோல்ட்தான் கூடும். கொள்ளளவு 150 ஆகவே இருக்கும். அதிலும் பாதிக்குக் கீழே இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும். ஆக, கையில் இருப்பது 75.

2. வாங்க வேண்டியவை

வெள்ளீயம் பூசிய பலஇழைச் செப்பு வயர் முதல் தேர்வு. உப்பு ஈரம் வயரின் முனையில் நுழைந்து, பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இழைகளின் வழியாக உள்ளே ஏறும். பூச்சில்லாத செம்பு இரண்டே பருவத்தில் கறுத்துவிடும். பழைய வயர் ஒன்றை ஓர் அடி உள்ளே தள்ளி வெட்டிப் பாருங்கள். வெளியே உறை பளபளப்பாக இருக்கும், உள்ளே கரித்தூள்.

பூச்சு வயர் கிடைக்காவிட்டாலோ விலை கட்டுப்படியாகாவிட்டாலோ, நல்ல பலஇழைச் செப்பு வயரைப் போட்டு எல்லா முனைகளையும் பசையுள்ள சுருங்கு குழாயால் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) அடைத்துவிடுங்கள். ஒற்றைக் கம்பி வயரை மட்டும் படகில் ஏற்றாதீர்கள். இஞ்சின் அதிர்வில் அது முறியும்.

லக் (வயர் முனையில் மாட்டித் திருகும் உலோகத் துண்டு) எல்லாம் வளையம் உள்ளதாக இருக்கட்டும். கவட்டை வடிவ லக், திருகு சற்றுத் தளர்ந்தாலே நழுவிவிடும். லக்கை அழுத்த, முழுதாக அழுந்தினால் மட்டுமே வாய் திறக்கும் ராட்செட் கிரிம்பிங் கருவி வாங்குங்கள். சுத்தியலும் உளியும் வைத்து லக்கைத் தட்டுவது துறைமுகத்தில் சாதாரணக் காட்சி. அப்படித் தட்டிய லக் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

வீட்டு உபயோக எம்.சி.பி. (மின்சாரம் மிகும்போது தானே அணையும் ஸ்விட்ச்) வாங்கும்முன் அதன்மேல் டி.சி. மதிப்பு அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும். டி.சி.யில் அந்த வசதி இல்லை. பொறி நீண்டு தொடர்பு முனையைத் தின்றுவிடும். சந்தேகம் இருந்தால் வாகனங்களில் போடும் பிளேடு ஃபியூஸே போதும். கடலில் மாற்றுவதற்கும் அதுதான் எளிது.

3. வயரின் தடிமனைக் கணக்கிடுங்கள்

கடைக்காரரிடம் "விளக்குக்கு என்ன வயர்?" என்று கேட்டு வாங்காதீர்கள். வாய்பாடு இதுதான்: 0.018ஐ மொத்த நீளத்தால் பெருக்கி, ஆம்பியரால் பெருக்கி, இழக்கச் சம்மதிக்கும் வோல்ட்டால் வகுத்தால் சதுர மில்லிமீட்டர் கிடைக்கும். மொத்த நீளம் என்பது போகும் வழியும் திரும்பும் வழியும் சேர்ந்தது. ஒரு வழியை மட்டும் அளந்து, பாதித் தடிமனில் வாங்கிவிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு.

பம்ப், வழிகாட்டும் விளக்குகள், ரேடியோ ஆகியவற்றுக்கு 3 சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது. 24 வோல்ட்டில் அது 0.72 வோல்ட். 4 ஆம்பியர் இழுக்கும் பம்ப் 7 மீட்டர் தள்ளி இருந்தால் நீளம் 14 மீட்டர். கணக்குப் போட்டால் 1.4 வரும். கடையில் 1.5 இருக்கிறது என்றாலும் 2.5 வாங்குங்கள், மோட்டார் புறப்படும்போது பல மடங்கு இழுக்கும். தள விளக்குகளுக்கு 10 சதவீதம் வரை விடலாம். 8.3 ஆம்பியர், போகவர 18 மீட்டர் என்றால் 1.1 வருகிறது, அங்கே 1.5 போதும்.

ஃபியூஸ் காப்பது வயரை, கருவியை அல்ல. 1.5 வயருக்கு 10 ஆம்பியர், 2.5 வயருக்கு 15 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் இஞ்சின் அறைச் சூட்டிலும் பயமில்லை. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரியதாகப் போடுவதோ, சிகரெட் தாளின் ஈயத்தைச் சுற்றுவதோ வயரையே ஃபியூஸ் ஆக்கும் வேலை. மரப் படகில் அதன் முடிவு என்ன என்று சொல்லத் தேவையில்லை.

4. பழையதைக் கழற்றுங்கள்

பேட்டரியில் முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் திருகினால், ஸ்பேனர் இஞ்சினைத் தொட்ட நொடியில் பேட்டரியின் முழுச் சக்தியும் அந்த ஸ்பேனர் வழியாக ஓடும்.

தளத்துக்கு அடியில் ஓடும் வயரை உருவும்போது அதன் வாலில் நைலான் கயிற்றைக் கட்டி உருவுங்கள். புது வயருக்கு வழி தயாராக இருக்கும். உருவ முடியாமல் மரத்துக்குள் சிக்கியதை இருமுனையிலும் வெட்டி, அடைத்து, அப்படியே விட்டுவிடுங்கள். "நடுவில் கொஞ்சம் நன்றாகத்தானே இருக்கிறது" என்று அதோடு புது வயரை ஒட்டுப்போடாதீர்கள். அந்த ஒட்டு எங்கே இருக்கிறது என்பது அடுத்த பருவத்தில் உங்களுக்கே நினைவிருக்காது.

ஜெனரேட்டரோ கரையிலிருந்து எடுக்கும் 230 வோல்ட் இணைப்போ இருந்தால் அதை இந்த வேலையோடு கலக்காதீர்கள். அதற்கு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேண்டும். அதன் வயர்கள் தனிக் குழாயில் போக வேண்டும். அரசுத் திட்டத்தில் பொருத்திய டிரான்ஸ்பாண்டர் (படகு இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லும் கருவி) இருந்தால், பொருத்தியவர்களைக் கேட்காமல் அதன் வயரைத் தொட வேண்டாம்.

5. பேட்டரியின் இடமும், நடுவில் எடுக்கும் 12 வோல்ட்டும்

பேட்டரி அடித்தண்ணீர் எட்டாத உயரத்தில், இஞ்சின் சூடு படாத பக்கமாக, பெட்டிக்குள் பட்டை போட்டுக் கட்டியிருக்க வேண்டும். மூடியின் மேற்பகுதியில் காற்றுத் துளை கட்டாயம். சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றைவிட இலேசானது. மேலேதான் தேங்கும், சிறு பொறிக்கே வெடிக்கும். இஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சில நூறு ஆம்பியர் இழுப்பதால் பேட்டரிக்கும் அதற்கும் இடையே உள்ள கேபிள் தடிமனாகவும் முடிந்தவரை குட்டையாகவும் இருக்கட்டும்.

இனிச் சொல்லப்போவது சம்மாட்டிகள் (படகு உரிமையாளர்கள்) வருடா வருடம் பேட்டரி மாற்றுவதற்குப் பெரும் காரணம். ரேடியோவும் ஜி.பி.எஸ்.ஸும் 12 வோல்ட். படகோ 24. இரண்டு பேட்டரி இருக்கின்றனவே, கீழே, அதாவது நெகட்டிவ் பக்கம் உள்ள ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக்கொண்டால் என்ன?

ஆல்டர்னேட்டருக்கு இரண்டு பேட்டரிகளின் கூட்டுத்தொகைதான் தெரியும். 28 வோல்ட் வந்தால் வேலை சரியாக நடக்கிறது என்று அது நினைக்கும். ரேடியோ உறிஞ்சிய கீழ்ப் பேட்டரி அரைவயிற்றோடு 13 வோல்ட்டில் நிற்கும். நிறைந்துவிட்ட மேல் பேட்டரி 15க்கு ஏறிக் கொதிக்கும். மூடிகளைத் திறந்து பார்த்தால் தெரியும்: ஒன்றில் தண்ணீர் வற்றித் தகடு வெளியே தெரிகிறது, மற்றதில் தண்ணீர் அப்படியே இருக்கிறது, ஆனால் சார்ஜ் நிற்பதில்லை. கம்பெனி சரியில்லை என்று வேறு பிராண்ட் வாங்குவார்கள். அதுவும் அதே வழியில் போகும்.

இதற்குத் தீர்வு 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர். 25 வாட் வி.எச்.எஃப். பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். அதனால் தொடர்ந்து 10 ஆம்பியர் தரக்கூடியதாக வாங்குங்கள். அதை ரேடியோவின் ஆன்டெனா கேபிளிலிருந்து தள்ளிப் பொருத்துங்கள். மலிவான கன்வெர்ட்டர் ரேடியோவில் இரைச்சலை ஏற்றி, ஆபத்து அழைப்புக்கான சேனல் 16இல் வரும் அழைப்பையே கேட்கவிடாமல் செய்யும்.

எல்லாப் பேட்டரிகளுக்கும் ஒரு சோதனை: ஓரிரவு சும்மா இருந்த பிறகு தனித்தனியாக அளந்தால், நிறைந்த பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டும். இரண்டுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணத்தைத் தேடுங்கள்.

6. மெயின் பாதை

பாசிட்டிவ் பாதையின் வரிசை: பேட்டரி, ஒரு சாண் தூரத்துக்குள் மெயின் ஃபியூஸ், மெயின் ஸ்விட்ச், ஸ்விட்ச் போர்டு. ஃபியூஸுக்கு முன்னால் உள்ள கேபிளுக்குப் பாதுகாப்பே கிடையாது, அதனால்தான் அந்தத் தூரம் குறைவாக இருக்க வேண்டும். செல்ஃப் மோட்டார் கேபிள் தனியாக, ஃபியூஸ் இல்லாமல் போகலாம். அது எங்கும் உரசாதபடி உறை போடுங்கள்.

தண்ணீர் பம்ப்பின் மிதவை ஸ்விட்ச்சை (தண்ணீர் ஏறினால் மிதந்து பம்ப்பை ஓடவிடும் ஸ்விட்ச்) மெயின் ஸ்விட்ச்சுக்கு முன்னால், தனி ஃபியூஸோடு இணைக்க வேண்டும். படகைக் கட்டிவிட்டு மெயினை அணைத்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் அந்தப் பம்ப்புக்கு வேலை வரும்.

மெயின் ஸ்விட்ச்சின் பக்கத்திலேயே "இஞ்சின் ஓடும்போது அணைக்காதே" என்று பெயின்டில் எழுதிவிடுங்கள். பேட்டரியிலிருந்து பிரிந்த ஆல்டர்னேட்டரின் வோல்ட் ஒரே தாவலில் ஏறி டையோடுகளை எரித்துவிடும்.

7. நெகட்டிவும் ஒரு வயர்தான்

லாரி வயரிங்கில் கை பழகியவர்கள் படகில் செய்யும் பெரும் பிழை இது. லாரியில் சேஸிஸே (இரும்புச் சட்டம்) மின்சாரம் திரும்பும் வழி. பாசிட்டிவ் ஒரு வயர் போட்டு, நெகட்டிவை உடம்பில் திருகிவிடுவார்கள். அதே பழக்கத்தில் படகிலும் பக்கத்தில் இருக்கும் குழாயிலோ ஏதாவது இரும்பிலோ எர்த் கொடுத்துவிடுகிறார்கள்.

விளக்கு எரியும். மின்சாரம் குழாய், இஞ்சின், ஷாஃப்ட் என்று கிடைத்த வழியில் திரும்பும்; ஒரு பங்கு கடல்நீர் வழியாகவும் போகும். உலோகத்திலிருந்து மின்சாரம் நீருக்குள் இறங்கும் இடத்தில் உலோகம் கரையும். அது ப்ரொப்பல்லராகவோ, தண்ணீர் எடுக்கும் வால்வாகவோ இருக்கலாம். மற்ற உலோகங்களுக்குப் பதிலாகக் கரைவதற்காகப் பொருத்தும் துத்தநாகக் கட்டி வழக்கத்தைவிட வேகமாகத் தீர்ந்தால் முதலில் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு வயர். எல்லா நெகட்டிவ்களும் ஒரே பஸ் பாருக்கு (பல வயர்களைச் சேர்த்துத் திருகும் உலோகப் பட்டை) வந்து, அங்கிருந்து பேட்டரிக்குப் போகட்டும். இஞ்சின் பிளாக்குக்கு ஒரே ஒரு தடித்த நெகட்டிவ் கேபிள். பழுதைத் தேடும்போதும் பாதி நேரம் குற்றவாளி நெகட்டிவ் பக்கத்தில்தான் இருக்கிறான். எல்லோரும் பாசிட்டிவையே தடவிக்கொண்டிருப்பார்கள்.

8. வயரை ஓட்டுதல்

தளத்துக்குக் கீழே எவ்வளவு உயரமாக முடியுமோ அவ்வளவு உயரமாக ஓட்டுங்கள். அரை மீட்டருக்குள் ஒரு கிளிப் போடுங்கள். குழாய்க்குள் ஓட்டினால் அதன் தாழ்ந்த இடத்தில் ஒரு துளை போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கும். பலகையைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். புகைக்குழாயிலிருந்து தள்ளிப் போங்கள். கருவிக்குள் நுழையும் முன் வயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

திசைகாட்டியின் அருகே போகும் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டுங்கள். எதிரெதிர்த் திசையில் ஓடும் மின்சாரம் ஒன்றின் காந்தப் புலத்தை மற்றது அழித்துக்கொள்ளும். முடித்ததும் ஒவ்வொரு ஸ்விட்ச்சையும் போட்டு முள் அசைகிறதா என்று பாருங்கள்.

9. முனைகள்

லக்கின் குழல் நீளத்துக்கு மட்டும் உறையை உரியுங்கள். ஓர் இழைகூட வெட்டுப்படக் கூடாது. சுருங்கு குழாயை முதலில் வயரில் கோத்துவிடுங்கள் (மறந்துபோவது இதைத்தான்). லக்கைச் சொருகி, கருவியால் அழுத்தி, பிறகு கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் இப்போதே வந்தது நல்லது. குழாயைத் தள்ளிவைத்துச் சூடு காட்டும்போது, இரு ஓரங்களிலும் பசை ஒரு மெல்லிய கோடாகப் பிதுங்கி வர வேண்டும். அது தெரியாவிட்டால் முனை அடைபடவில்லை.

சால்டர் வைத்தால் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கும்; விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு வயரை முறிக்கும். முறுக்கி டேப் சுற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். வெயிலில் டேப்பின் பசை உருகி ஓடிவிடும், ஈரம் மட்டும் உள்ளே தங்கும்.

10. வழிகாட்டும் விளக்குகளுக்குத் தனித்தனி ஸ்விட்ச்

1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகள்படி, படகு செய்யும் வேலைக்கு ஏற்ப விளக்கு மாறும். எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்ச்சில் கோத்தால் எதிரே வரும் கப்பலுக்கு நீங்கள் தவறான செய்தி சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

பயணத்தின்போது இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்பக்கம் வெள்ளை, பாய்மரக் கம்பத்தில் முன்னோக்கிய வெள்ளை. இழுவலை போடும்போது கம்பத்தில் சுற்றிலும் தெரியும் பச்சை, அதற்குக் கீழே வெள்ளை. செவுள் வலை போன்ற மற்ற வலைகளுக்குச் சிவப்பு, கீழே வெள்ளை. படகு நகர்ந்துகொண்டிருந்தால் பக்க விளக்குகளும் பின்விளக்கும் கூடவே எரிய வேண்டும். நங்கூரத்தில் சுற்றிலும் தெரியும் ஒற்றை வெள்ளை. ஆக போர்டில் குறைந்தது நான்கு ஸ்விட்ச்: பக்கமும் பின்னும், கம்பத்து வெள்ளை, மீன்பிடி விளக்கு, நங்கூர விளக்கு.

தள விளக்குகளைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். கடலைப் பார்த்து எரியும் வெள்ளை வெளிச்சத்தில் உங்கள் சிவப்பும் பச்சையும் யாருக்கும் தெரியாது. பெயின்ட் அடிக்கக் கழற்றிய பக்க விளக்குகள் இடம் மாறி மாட்டப்படுவதும் உண்டு. அணியத்தைப் பார்த்து நின்று ஒருமுறை சரிபாருங்கள்.

11. மின்சாரம் கொடுங்கள்

மெயின் ஃபியூஸைத் தவிர எல்லா ஃபியூஸையும் எடுத்துவிட்டு, எல்லா ஸ்விட்ச்சையும் அணைத்துவிட்டு, பாசிட்டிவ் பஸ் பாருக்கும் நெகட்டிவ் பஸ் பாருக்கும் இடையே மல்டிமீட்டரில் தடையை அளந்து பாருங்கள். தொடர்பு காட்டினால் நிறுத்துங்கள். காட்டாவிட்டால் மெயின் ஸ்விட்ச்சைப் போட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே 24 வோல்ட் சிறு பல்பு ஒன்றை மாட்டுங்கள். பல்பு எரிந்தால் எங்கோ கசிகிறது. மீட்டரை நேரடியாக மாட்டி அதன் ஃபியூஸைப் போக்கிக்கொள்வதைவிட இது மலிவு.

இனி கேபிளை மாட்டி, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு கருவியையும் ஓடவிடுங்கள். கருவி ஓடும்போதே பேட்டரியிலும் கருவியின் முனையிலும் வோல்ட்டை அளந்து, வித்தியாசத்தைப் போர்டின் கதவில் ஒட்டும் வரைபடத்தில் குறித்துவையுங்கள். சுமையில்லாமல் அளந்தால் அழுகிய இணைப்பும் முழு வோல்ட் காட்டும்.

இஞ்சினைக் கிளப்பினால் பேட்டரியில் 27.6 முதல் 28.8 வோல்ட் வரை வர வேண்டும். அதற்கு மேல் போனால் ரெகுலேட்டரைப் பாருங்கள். வராவிட்டால் ஆல்டர்னேட்டரைத் தூண்டும் வயரைப் பாருங்கள், விடுபட்டுப்போவது பெரும்பாலும் அதுதான்.

படகை நீரில் இறக்கியதும் மிதவையைக் கையால் தூக்கிப் பம்ப் ஓடுகிறதா என்று, மெயினை அணைத்த நிலையில் சோதியுங்கள். முதல் பயணம் போய்வந்ததும் எல்லாத் திருகுகளையும் ஒருமுறை இறுக்குங்கள். புது லக்குகள் இஞ்சின் அதிர்வில் அமர்ந்து இடம் விடும். இறுக்கும்போது ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும் முனையைக் கழற்றி, புது லக் போட்டு மறுபடி மாட்டுங்கள்.